பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடார்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் வீட்டு மாடியில் சனி, ஞாயிறுகளில் கிடார் சொல்லித் தருகிறேன். காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். வகுப்பில் சேருவதற்கு முன்பே பெற்றோரிடமிருந்து போன் வரும்: "எந்த கிடார் வாங்கலாம் சார்?" போனில் ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

பத்தாயிரம் ரூபாய்க்குள் நல்ல கிடார் கிடைக்குமா?

கிடைக்கும். இன்று நல்ல கம்பெனிகள் மெஷினில் அளவு பிசகாமல் நெக் (விரல் வைக்கும் நீளமான கழுத்து) வெட்டி ஃப்ரெட் (அதில் குறுக்கே வரும் உலோகப் பட்டைகள்) பதிப்பதால், 7,000 முதல் 10,000 ரூபாய் வரையிலான கிடாரே மூன்று நான்கு வருஷம் தாராளமாகக் கற்றுக்கொள்ளப் போதும்.

ஆனால் கையிலிருக்கும் மொத்தப் பணத்தையும் கிடாருக்கே கொடுத்துவிடாதீர்கள். 10,000 இருக்கிறதென்றால் 8,500-க்குள் கிடாரைப் பாருங்கள். மீதியைக் கம்பியின் உயரத்தைச் சரிசெய்யும் செட்டப் வேலைக்கும் நல்ல ஸ்ட்ரிங்குக்கும் ஒதுக்குங்கள். மரம் என்ன, கம்பெனி எது என்பதெல்லாம் அப்புறம். கம்பி விரலுக்கு எவ்வளவு சுலபமாக அழுந்துகிறது என்பதுதான் பிள்ளை கிடாரைத் தொடர்ந்து எடுக்குமா, மூலையில் போடுமா என்று முடிவு செய்கிறது.

மூவாயிரம் ரூபாய்க்கு வண்ண வண்ணமாகக் கிடைக்கிறதே, ஆரம்பிக்க அது போதாதா?

என் முதல் கிடார் கதையைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் அப்பா கடைத்தெருவில் ஒரு சிவப்பு கிடார் வாங்கித் தந்தார். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் மரத்துக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நுனி நுழையும். சி கார்ட் (பல ஸ்வரங்களைச் சேர்த்துப் பிடிப்பது) பிடித்தால் விரலில் கம்பி வெட்டியது போலக் கோடு விழும். எஃப் கார்ட் வரவே இல்லை. ஆறு மாசத்தில் கிடாரைப் பரணில் ஏற்றிவிட்டேன். எனக்கு இசை வராது என்றே நம்பினேன்.

எங்கள் சபையில் கிடார் வாசிக்கும் அண்ணன் ஒருவர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். பரணிலிருந்து அதை இறக்கச் சொன்னார். கம்பிகளைத் தளர்த்தி, முன்பலகையில் கம்பிகளைக் கட்டும் பிரிட்ஜில் இருந்த, சேடில் என்ற வெள்ளைத் துண்டை உருவி எடுத்தார். கண்ணாடி மேஜைமேல் உப்புத்தாளை விரித்து, அந்தத் துண்டின் அடிப்பக்கத்தை நேராக வைத்து, முன்னும் பின்னுமாகப் பொறுமையாகத் தேய்த்தார். பென்சிலில் போட்ட கோடு வந்ததும் நிறுத்தினார். அப்புறம் தலைப்பக்கத்தில் கம்பிகள் படிந்து வரும் நட் என்ற துண்டின் பள்ளங்களை மெல்லிய அரத்தால் ஒவ்வொன்றாக ஆழப்படுத்தினார். ஒரு மணி நேர வேலை. கம்பி கட்டித் தந்தபோது அது வேறு கிடார். அன்று சாயங்காலமே எஃப் கார்ட் பாதி வந்தது.

அதனால் மூவாயிரம் ரூபாய் கிடாரில் வாசிக்கவே முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த விலையில் வரும் கிடார்களில் பலவற்றில் நட்டும் சேடிலும் உயரமாகவே வரும். கம்பியை முறுக்கும் ட்யூனிங் கீ நழுவும். சிலவற்றில் நெக்குக்குள் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியே இருக்காது, நெக் வளைந்தால் நிமிர்த்த வழி கிடையாது. ஃப்ரெட் சரியான இடத்தில் இல்லையென்றால் எந்த ஆசாரியாலும் ஒன்றும் செய்ய முடியாது. கையில் 3,000-தான் இருக்கிறதென்றால் இன்னும் நாலு மாசம் சேர்த்து வையுங்கள், அல்லது கீழே சொல்லியிருப்பது போலப் பழையது பாருங்கள்.

கடையில் கிடாரை எப்படிச் சோதிப்பது? எனக்கு வாசிக்கத் தெரியாதே?

வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. இரண்டு ஒரு ரூபாய் நாணயம், ஒரு விசிட்டிங் கார்டு, போனில் சுருதி காட்டும் இலவச ட்யூனர் ஆப், இவை போதும். முதலில் கடைக்காரரை ட்யூன் செய்து தரச் சொல்லுங்கள். கம்பி தளர்வாக இருக்கும்போது பார்ப்பதெல்லாம் பொய்க்கணக்கு.

முதல் சோதனை ஆக்‌ஷன், அதாவது கம்பியின் உயரம். ஒரு ரூபாய் நாணயம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் கனம். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல், தடித்த ஆறாவது கம்பிக்குக் கீழே நுழைத்துப் பாருங்கள். கம்பியில் உரசினாலோ, நுழைய மறுத்தாலோ உயரம் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கிறது, நல்லது. நாணயங்களுக்கு மேலும் இடைவெளி இருந்தால் செட்டப் வேண்டும். நான் செட்டப் செய்யும்போது தடித்த கம்பிக்கு இரண்டரை மில்லிமீட்டர், மெல்லிய முதல் கம்பிக்கு 2 மில்லிமீட்டர் என்று வைப்பேன். அதற்கும் கீழே இறக்கினால் வேகமாக ஸ்ட்ரம் செய்யும்போது (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து மீட்டும்போது) கம்பி ஃப்ரெட்டில் பட்டு இரையும்.

இரண்டாவது சோதனை நட். இதைப் பலரும் பார்ப்பதே இல்லை, ஆனால் ஆரம்பத்தில் விரலை அதிகம் வதைப்பது இதுதான். ஒரு கம்பியை இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் கம்பி எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று குனிந்து பாருங்கள். தலைமுடி அளவு இடைவெளி போதும். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தால் நட் உயரம். அந்த கிடாரில் முதல் ஃப்ரெட்டில் பிடிக்கும் கார்ட் எல்லாம் கஷ்டப்படுத்தும்.

மூன்றாவது நெக். ஆறாவது கம்பியை ஒரு கையால் முதல் ஃப்ரெட்டிலும் இன்னொரு கையால் பதினாலாவது ஃப்ரெட்டிலும் அழுத்துங்கள். ஏழாவது ஃப்ரெட் பக்கம் விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இடைவெளி இருந்தால் சரி. இரண்டு மூன்று கார்டு நுழைந்தால் நெக் வளைந்திருக்கிறது. ட்ரஸ் ராட் இருந்தால் சரிசெய்யலாம்.

நாலாவது சுருதி. கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டி ட்யூனரில் பாருங்கள், பிறகு அதே கம்பியைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் வரவேண்டும். முள் நிறையத் தள்ளி நின்றால் அந்த கிடாரை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். அது ட்யூன் ஆனது போலவே தெரியும், மேல் ஃப்ரெட்டுக்குப் போனால் அபசுரம் அடிக்கும்.

அப்புறம் நெக்கின் இரண்டு ஓரத்திலும் உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டுங்கள். ஃப்ரெட் முனை கீறக்கூடாது. பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு காகிதத்தைச் சொருகிப் பாருங்கள், உள்ளே போகக்கூடாது.

கடைப்பையன் பிரமாதமாக வாசித்துக் காட்டுவான். அது அவன் கையின் அழகு. ரசித்துவிட்டு, சோதனையை நீங்களே செய்யுங்கள். ஒரே மாடலில் மூன்று கிடார் இருந்தால் மூன்றையும் எடுத்துப் பாருங்கள். ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது.

நைலான் கம்பியா, ஸ்டீல் கம்பியா?

சினிமாப் பாட்டு, சர்ச் பாட்டு, பாடிக்கொண்டே ஸ்ட்ரம் செய்வது என்றால் ஸ்டீல். விரலால் மீட்டும் கிளாசிக்கல் முறைதான் கற்கப்போகிறீர்கள் என்றால் நைலான். நைலான் விரலுக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் அதன் நெக் அகலம். நட்டில் சுமார் 52 மில்லிமீட்டர் இருக்கும், ஸ்டீல் கிடாரில் 43 வாக்கில்தான். சின்னக் கைக்கு அந்த அகலம் இன்னொரு கஷ்டம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். நைலான் கிடாரில் ஸ்டீல் கம்பி மாட்டக்கூடாது. ஸ்டீல் கம்பி ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை 60, 70 கிலோ. நைலான் அதைவிட எவ்வளவோ குறைவு. அதற்கென்று செய்த பிரிட்ஜ் ஸ்டீலின் இழுப்பைத் தாங்காமல் பிய்த்துக்கொண்டு வரும். என்னிடம் அப்படி இரண்டு கிடார் வந்திருக்கின்றன.

எட்டு வயசுப் பெண்ணுக்கு எந்த சைஸ்?

முக்கால் சைஸ். பத்துப் பன்னிரண்டு வயசுக்கு மேல் பெரிய சைஸுக்கு மாறலாம். ஆறு வயசுக்கும் கீழே என்றால் நாலு நைலான் கம்பி உள்ள உகுலேலே வாங்கிக் கொடுங்கள், விரல் பழகிவிடும்.

பெரியவர்களிலும் கை சின்னதாக இருப்பவர்கள் ட்ரெட்நாட் என்ற பெரிய உடலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரமப்பட வேண்டாம். இடுப்பு ஒடுங்கிய சிறிய உடல் கிடாரே போதும். உட்கார்ந்து மடியில் வைத்து, வலது தோள் மேலே தூக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

சாலிட் டாப் என்கிறார்களே, அது அவசியமா?

கிடாரின் முன்பலகை ஒரே மரத்தகடாக இருந்தால் சாலிட் டாப். மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்தால் லேமினேட், பிளைவுட் மாதிரி. சாலிட் டாப்பில் நாதம் விரிவாக இருக்கும், வாசிக்க வாசிக்க இன்னும் திறக்கும். ஆனால் நல்ல கம்பெனியின் சாலிட் டாப் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். யமஹாவின் எஃப்ஜி 800 அதற்கு நல்ல உதாரணம்: முன்பலகை சாலிட் ஸ்ப்ரூஸ் மரம்.

பத்தாயிரத்துக்குள் "சாலிட்" என்று போட்டிருந்தால் சவுண்ட் ஹோலின் (முன்பலகையில் உள்ள வட்டத் துளையின்) விளிம்பைப் பாருங்கள். மேலே தெரியும் மரத்தின் வரி அப்படியே விளிம்பின் கனத்திலும் இறங்கினால் சாலிட். சாண்ட்விச் போல அடுக்கு தெரிந்தால் லேமினேட்.

முதல் கிடாருக்கு லேமினேட்டே நல்லது என்பது என் கருத்து. நம் ஊர் வெயிலுக்கும் அதுதான் தாங்கும்.

எந்தக் கம்பெனி வாங்கலாம்?

யமஹா எஃப் 280, எஃப் 310 இரண்டையும் நம்பிச் சொல்வேன். எஃப் 310-இன் ஸ்கேல் நீளம் (நட்டிலிருந்து சேடில் வரை கம்பியின் நீளம்) 634 மில்லிமீட்டர், வழக்கமான 650-ஐவிடக் கொஞ்சம் குறைவு. அதனால் ஃப்ரெட் இடைவெளி சிறுத்து, விரலுக்கு எட்டுகிறது. சென்னைக்குப் பக்கத்தில் யமஹாவின் இசைக்கருவித் தொழிற்சாலை 2019-இலிருந்து இயங்குகிறது, கிடாரும் அங்கே தயாராகிறது. கோர்ட், ஃபெண்டர் கம்பெனிகளின் ஆரம்ப மாடல்களும் நன்றாகவே இருக்கும், ஆனால் பத்தாயிரத்தை ஒட்டியோ கொஞ்சம் தாண்டியோ போகும். கேடன்ஸ், வால்ட் போன்ற நம் நாட்டுப் பெயர்களில் குறைந்த விலைக்கு உருப்படியானவை உண்டு. கல்கத்தாவின் கிவ்ஸன், ஹாப்னர் கிடார்கள் நம்மூர்ச் சபைகளிலும் பள்ளிகளிலும் பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

எந்தப் பெயராக இருந்தாலும் நாணயச் சோதனை செய்யாமல் வாங்காதீர்கள்.

ஆன்லைனில் வாங்கலாமா? சென்னைக்குப் போகவேண்டுமா?

முடிந்தால் போய்வாருங்கள். காட்பாடியிலிருந்து சென்னை சுமார் 130 கிலோமீட்டர், காலை ரயிலில் போனால் சாயங்காலத்துக்குள் கிடாரோடு திரும்பிவிடலாம். அண்ணா சாலையில் இருக்கும், 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் மாதிரி கடைகளில் ஒரே இடத்தில் பல மாடல்களை எடுத்து மடியில் வைத்துப் பார்க்கலாம். அதற்காகவே ரயில் செலவு தகும். வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.

ஆன்லைன் என்றால் திருப்பி எடுக்கும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். வந்த அன்றே மேலே சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வைத்தால் திருப்பும் நாள் கடந்துவிடும்.

பழைய கிடார் வாங்கலாமா?

கட்டாயம் பாருங்கள். வேலூர் ஒரு கல்லூரி ஊர். வருஷாவருஷம் ஏப்ரல், மே மாசத்தில் கடைசி வருஷ மாணவர்கள் ஹாஸ்டலைக் காலி செய்யும்போது கிடாரைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறச் சங்கடப்பட்டு விற்பார்கள். 10,000 ரூபாய் கிடார் 5,000, 6,000-க்குக் கிடைக்கும். சிலது இரண்டு மாசம்கூட வாசிக்காமல் இருக்கும்.

பார்க்க வேண்டியது மூன்று. பிரிட்ஜுக்குப் பின்னால் முன்பலகை வயிறுபோல உப்பியிருக்கிறதா, பிரிட்ஜ் தூக்கியிருக்கிறதா, நெக் உடலோடு சேரும் அடிப்பகுதியில் விரிசல் இருக்கிறதா. இதில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள். துருப்பிடித்த கம்பி, கீறல், ஒட்டிய ஸ்டிக்கர், இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, பேரம் பேச உதவும்.

நம்ம ஊர் வெயிலில் கிடார் கெட்டுப்போகுமா?

கெடும். வேலூர் மே மாச வெயிலைப் பற்றி நமக்குத் தெரியாததில்லை, 40 டிகிரியைத் தாண்டுவது வாடிக்கை. மரத்தைவிட ஒட்டியிருக்கும் பசைதான் முதலில் தோற்கும். நானே ஒருமுறை கோட்டைக்கு வெளியே காரை நிறுத்தி, கிடாரைப் பின்சீட்டில் விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்தேன். பையைத் திறந்தால் பிரிட்ஜின் பின்விளிம்பு காகிதக் கனத்துக்குத் தூக்கியிருந்தது. இளகிய பசையைக் கம்பி இழுத்துவிட்டது. ஏழு வருஷம் வாசித்த கிடார் அது.

நிறுத்திய காரில் வைக்காதீர்கள். பீரோ மேல் வைக்கவே வேண்டாம். நம் வீடுகளில் கிடாரை வைப்பதற்கு எல்லோருக்கும் தோன்றும் முதல் இடம் அதுதான், ஆனால் தளத்துச் சூடு முழுக்க அங்கேதான் இறங்கும். ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரை வீடு என்றால் பைக்குள் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வையுங்கள். ஏசி அறையில் காற்று வறண்டிருக்கும், ஏசியின் நேர் எதிரே மாட்டாதீர்கள்.

கோடையில் மரம் சுருங்கி ஃப்ரெட் முனை வெளியே நீட்டிக் கையைக் கீறலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் முன்பலகை ஈரம் குடித்து உப்பி, கம்பி உயரும். இந்த இரண்டு பருவத்திலும் ஒருமுறை நாணயச் சோதனை செய்து பாருங்கள். தினமும் வாசித்ததும் கம்பியைத் தளர்த்த வேண்டியதில்லை. பரீட்சைக்காக மூன்று மாசம் தொடப்போவதில்லை என்றால் மட்டும் ஒரு முழு ஸ்வரம் இறக்கி வையுங்கள்.

சர்ச்சில் வாசிக்க பிக்-அப் வைத்தது வேண்டுமா?

இந்த பட்ஜெட்டில் வேண்டாம். பிக்-அப் (சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) வைத்த கிடாருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் மரத்திலும் கீயிலும் குறையும். சவுண்ட் ஹோலுக்குச் சற்றுத் தள்ளி, நெக் சேரும் இடத்தைப் பார்த்து ஒரு மைக் வைத்தாலே சபைக்குப் போதுமான சத்தம் வரும். டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது தெருவில் பிளக் பாயின்ட்டா தேடப்போகிறீர்கள்? பின்னால் தேவைப்பட்டால் சவுண்ட் ஹோலில் மாட்டும் பிக்-அப் தனியாக வாங்கலாம்.

கூட என்னென்ன வாங்கணும்?

கனமான பை ஒன்று. கூட ஒரு செட் கம்பி, 10 அல்லது 11 கேஜ் (கம்பியின் கனம், எண் குறைந்தால் மெல்லியது). புதிதாக வாங்கும் கிடாரில் 12 கேஜ் இருந்தால் மாற்றிவிடுங்கள், விரலுக்குச் சட்டென்று வித்தியாசம் தெரியும். நாலைந்து பிக் (கம்பியை மீட்டும் சில்லு), பிறகு ஒரு கேப்போ (சுருதியை ஏற்ற நெக்கில் மாட்டும் கவ்வி). ட்யூனருக்கு போன் ஆப் போதும், இரைச்சலான இடத்தில் வாசிப்பவர்களுக்கு மட்டும் கிடாரின் தலைப்பக்கத்தில் மாட்டும் கிளிப் ட்யூனர் தேவைப்படும்.

தோள்பட்டை வார் கடையில் வாங்காதீர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் ஊர்கள் நம்முடையவை. ஷூவுக்கு வெட்டி மிஞ்சிய தோல் துண்டைக் கொடுத்தால் தைப்பவர்கள் வாராகத் தைத்துத் தருவார்கள். என் வார் ஆம்பூரில் தைத்தது. இரண்டங்குல அகலம், உள்பக்கம் மெல்லிய ஆட்டுத்தோல், இரு முனையிலும் பட்டனுக்குச் சாவித்துவாரம் மாதிரி ஒரு வெட்டு. தோளில் நழுவாமல் உட்காரும்.

செட்டப் யார் செய்து தருவார்கள்? எவ்வளவு ஆகும்?

வாங்கும் கடையிலேயே கேளுங்கள், பணம் கொடுப்பதற்கு முன்னால். "ஆக்‌ஷன் இறக்கித் தந்தால் இப்பவே எடுத்துக்கிறேன்" என்று சொன்னால் பல கடைகளில் சும்மாவே செய்து தருவார்கள். வெளியே கொடுத்தால் 500 முதல் 1,000 ரூபாய் ஒதுக்கி வையுங்கள். சேடிலை நீங்களே தேய்க்கலாம்: பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் 1 மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் சேடிலின் அடியில் 2 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். கொஞ்சம் தேய்த்து, மாட்டிப் பார்த்து, மறுபடி தேய்க்கணும். நட்டை மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள். பள்ளம் அதிகமாகிவிட்டால் புது நட்தான் போடணும்.

இடது கைப் பழக்கம் உள்ள பையனுக்கு?

வலது கை கிடாரிலேயே ஆரம்பிக்கச் சொல்வேன். இரண்டு கைக்கும் வேலை இருக்கிறது, இடது கை கிடார் இந்த விலையில் கிடைப்பதும் அரிது. ஒரு மாசம் கழித்தும் பையனுக்கு ஒவ்வவே இல்லை என்றால் மட்டும் தேடலாம்.

கர்நாடக சங்கீதம் வாசிக்கலாமா?

தாராளமாக. ராணிப்பேட்டையில் வளர்ந்த ஆர். பிரசன்னா கிடாரில் கர்நாடக இசை வாசித்து உலகம் முழுக்க மேடை ஏறியவர். அவர் வாசிப்பது எலெக்ட்ரிக் கிடார், அதில் கம்பி மெல்லியது, கமகத்துக்கு இழுக்க வசதி. அகௌஸ்டிக்கில் (மின்சாரம் இல்லாத சாதாரண கிடாரில்) முயல்பவர்கள் 10 கேஜ் கம்பி போட்டு, ஆக்‌ஷனை நன்றாக இறக்கி, கம்பிகளை ச-ப-ச என்று சுருதிக்குக் கூட்டிப் பாருங்கள். இழுப்பதைவிட ஒரே கம்பியில் விரலைச் சறுக்கி ஜாரு வாசிப்பது சுலபமாக வரும். மாயாமாளவகௌளையில் சரளி வரிசையிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

விரல் வலி எத்தனை நாள் இருக்கும்?

தினம் இருபது நிமிஷம் வாசித்தால் இரண்டு மூன்று வாரத்தில் நுனி காய்த்துவிடும். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் வாசித்துவிட்டு நாலு நாள் விட்டால் வலி மாசக்கணக்கில் இழுக்கும். ஒரு மாசத்துக்குப் பிறகும் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அதட்டாதீர்கள். இரண்டு நாணயத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டைப் பாருங்கள்.